சாவா மூவாப் பேராடு

"வண்டியில் சஸ்பென்ஷன் பிரச்சினை" என்று ஆசிரியர் அறையில் சொன்னோம். விடைத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரை? எப்போது ஆர்டர் வந்தது?" என்று கேட்டார். அரசு ஊதியம் பெறுவோரின் செவியில் அச்சொல்லுக்குப் பணியிடை நீக்கம் என்ற ஒரு பொருள்தான் உண்டு. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருந்துகொண்டு அதிர்வைத் தாங்கும் அமைப்பும் அதே பெயரில்தான் வழங்குகிறது என்று விளக்கியபின் அவர் ஆறுதலடைந்தார். பிறகு, நாங்கள் அடுத்த நான்கு மாதங்களில் பலமுறை கேட்கப்போகிற கேள்வியை முதன்முதலாகக் கேட்டார்: "ஜெயங்கொண்டத்துக்கு இந்த வண்டி தேவையா?"

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு இயற்பியல். இருவரும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர்கள். நாற்பதைக் கடந்தபின், வீட்டுக் கடன் முடிந்த ஆண்டில், வேகத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட கார் ஒன்றை வாங்கினோம். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் அது. சாதாரணக் காரைவிடச் சற்றுத் தாழ்ந்த உடல், இறுகிய சுருள்வில், அகன்ற சக்கரம், மெலிந்த பக்கச்சுவர் கொண்ட டயர். எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இது ஒரு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை அன்று.

ஏன் வாங்கினோம் என்பதற்குத் தருக்கபூர்வமான விடை எங்களிடம் இல்லை. திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலையில் விடியற்காலையில், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் வலப்புறமோ இடப்புறமோ மெல்ல எழுந்துவர, வண்டி ஒரு வளைவைத் தயக்கமின்றிக் கடப்பதில் ஓர் இன்பம் இருந்தது. அவ்வளவே. சிற்றூரில் வாழ்பவர்கள் தேவைக்கு மட்டுமே பொருள் வாங்கவேண்டும் என்பதை எங்கள் ஊர் எழுதாச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அச்சட்டத்தை மீறிய குற்றவுணர்வு எங்களுக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

*

2024ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அந்த ஓசை தொடங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு தட்டல். பிறகு பிரேக்கை அழுத்தினால் வண்டி மூக்கைத் தாழ்த்திக் கும்பிடு போடத் தொடங்கியது. ஓட்டமானி அப்போது பதினெட்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உத்தரவாதக் காலமான மூன்றாண்டுகளில் ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்திருந்தன.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், ஷாக்கப்சர் எண்ணெய் கக்குது. ரைட்ல நல்லாவே. லெஃப்ட்ல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. வாரன்டில இருக்குற வண்டி, நான் கை வைக்கக்கூடாது. கம்பெனிக்கே எடுத்துட்டுப் போங்க" என்றார். அன்று அவர் எங்களிடம் காசு வாங்கவில்லை. அவர் சொன்ன வலம், இடம் என்ற இரு சொற்களின் மதிப்பு எங்களுக்குப் பின்னரே விளங்கியது.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். "எங்க அப்பா வில்வண்டியிலயும் இப்படித்தான் ஒருதரம் வில்லு போச்சு." தமிழ் படித்தவருக்கு உடல் சிலிர்த்தது. வில்வண்டி என்ற சொல்லை எத்தனையோ கதைகளில் வாசித்திருக்கிறோம். அதிலுள்ள வில் எது என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. பாரவண்டியில் அச்சின்மீது நேராகவே சட்டம் அமரும். கல்லில் சக்கரம் ஏறினால் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பும் உடன் ஏறும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில் இருக்கும். அந்த வில்தான் சஸ்பென்ஷன். சொல் நம்மிடம் இருந்தது.

எங்களில் இயற்பியல் படித்தவர் மேலும் விளக்கினார். வில் அதிர்வை வாங்கும். ஆனால் தானாக அடக்காது. அழுத்தி விட்டால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதற்கென்றே இன்றைய கார்களில் ஓர் உருளை உண்டு. அதற்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும். எண்ணெய்க்குள் நகரும் உந்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். சக்கரம் குதிக்கும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே முண்டியடித்துச் செல்லும். குதிப்பின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கரையும். சுருள்வில்லையும் இந்த உருளையையும் ஒரே தூணாக இணைத்த அமைப்பை மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் வகுத்தார். 1950ஆம் ஆண்டையொட்டி ஃபோர்டு நிறுவனத்தின் கார்களில் பரவத் தொடங்கிய அவ்வமைப்புதான் இன்று பெரும்பாலான சிறு கார்களின் முன்சக்கரங்களில் இருக்கிறது. உருளையின் தலைப்பில், தண்டு உள்ளே சென்று வரும் இடத்தில், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் அடைப்பு ஒன்றுண்டு. எங்கள் வண்டியில் தோற்றது அதுதான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம்.

அது தோற்றால் வண்டி நின்றுவிடாது, ஓடும். ஆனால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு அடிக்கடி எழும். தரையைத் தொடாத டயருக்குப் பிரேக் இல்லை. மாதம் ஒருமுறை அம்மாவைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள் நாங்கள். தொண்ணூறு கிலோமீட்டர் அளவிலான பயணம். அந்த நான்கு மாதங்களும் அவர் பேருந்தில்தான் வந்தார்.

*

சேவை மையத்தில் முதல்முறை, "பர்ஃபாமன்ஸ் கார் கொஞ்சம் ஹார்டாத்தான் சார் இருக்கும்" என்றார்கள். எண்ணெய்க் கசிவைக் காட்டியபோது, "லேசா வேர்த்திருக்கு, அது நார்மல்" என்றார்கள். வேர்ப்பதும் கசிவதும் வேறு என்பது உண்மைதான். அடைப்பின்மேல் மெல்லிய ஈரப்படலம் படிவது இயல்பு. வழிந்து புழுதியோடு சேர்ந்து கருஞ்சேறாவது இயல்பன்று. துடைத்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் வழிந்தது.

இரண்டாம் முறை கசிவை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சேவை ஆலோசகர் எங்களை ஒருகணம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஊர் சார்?" சொன்னோம். அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. "அரியலூர் பக்கமா? சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோடு. இது ரோடு டேமேஜ் சார். வாரன்டில வராது. நாற்பதாயிரம் பக்கம் ஆகும்."

எங்கள் மாவட்டச் சாலைகளைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யில்லை. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் இது. அக்கடலின் உயிர்கள் விட்டுச்சென்ற எச்சங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் காணலாம். மற்றவை சுண்ணாம்புப் பாறையாகி, சிமென்ட் ஆலைகளுக்கு லாரிகளில் போகின்றன. லாரி போன தடம் குழியாகிறது. ஆயினும் அவர் வண்டியைத் தூக்கிப் பார்த்து அம்முடிவுக்கு வரவில்லை. எங்கள் ஊரின் பெயரைக் கேட்டே வந்தார். அதுதான் உறுத்தியது.

பிறகு அவர் கேட்டார்: "எங்கயாவது குழியில விட்டீங்களா?"

ஆம் என்பதே உண்மை. புரட்டாசியில் ஒரு மாலை, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒருமுறைதான். அதை அறிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்பில் நின்று அறநூல் நடத்துகிறவர்களின் வீரம் அந்த நொடியில் மிகவும் மெலிந்து போனது. ஆனாலும், "ஒருமுறை, இடப்பக்கம்" என்று சொன்னோம். அவர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் பட்டறை இளைஞரின் சொல் நினைவுக்கு வந்தது. முதலில் கசிந்தது வலப்பக்கம்! பள்ளத்தில் இறங்கியது இடப்பக்கம். அடிபட்டுக் கசிந்திருந்தால் தண்டு வளைந்திருக்கும். சக்கர வளையத்தில் தழும்பு இருக்கும். சக்கரங்களின் நேர்மை கெட்டிருக்கும். இவை ஒன்றும் இல்லை. ஒரே வயதுடைய இரு அடைப்புகள் சில வார இடைவெளியில் அடுத்தடுத்துத் தோற்றால், சாலையைவிட அடைப்பின்மேல் ஐயம் கொள்வதே முறை. நாங்கள் பள்ளத்தை மறைத்திருந்தால், இடம் எது வலம் எது என்று வாதிடும் உரிமையையும் சேர்த்தே இழந்திருப்போம்.

*

அன்றிரவு உத்தரவாதக் கையேட்டை முதன்முறையாக முழுமையாக வாசித்தோம். ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் நால்வர் சொன்ன நான்கு பொருளையும் மாணவருக்கு ஒப்பிட்டுக் காட்டுகிறவர்கள், பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளின் ஒப்பந்தத்தை ஓராண்டுக்கும் மேலாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கையேடு முழுதும் ஆங்கிலம், எறும்பு எழுத்து. விபத்து, பந்தயம், அளவுக்கு மீறிய சுமை, தவறான பயன்பாடு ஆகியவற்றால் வரும் பழுது சேராது என்றிருந்தது. இயல்பான பயன்பாட்டில் வெளிப்படும் பொருட்குறை, வேலைக்குறை ஆகியவை சேரும் என்றுமிருந்தது. 'இயல்பான பயன்பாடு' என்ற தொடருக்கு விளக்கம் எங்குமில்லை. அரியலூரில் வாழ்பவருக்கு அரியலூர்ச் சாலையில் செல்வதல்லாமல் வேறெது இயல்பு?

சட்டத்தையும் தேடிப் படித்தோம். படித்ததைச் சுருக்கமாகச் சொல்வது வாசகருக்குப் பயன்படக்கூடும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பனையின்போது தரப்படும் வாக்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிரான வாக்கு ஒன்று. அது பொய்த்தால் ஒப்பந்தத்தையே மறுக்கலாம். அதற்குத் துணையான வாக்கு மற்றொன்று. அது பொய்த்தால் இழப்பீடு கேட்கலாம், பொருளைத் திருப்பமுடியாது. இந்த இரண்டாவதற்குத்தான் அச்சட்டத்தில் வாரன்டி என்று பெயர். 2006இல் மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும், பழுதான உறுப்பை மாற்றித் தருவதாக மட்டுமே உத்தரவாதம் இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது பொருந்தாது என்றது. ஆகவே புதுவண்டி கேட்பது வீண். உறுப்பைக் கேட்பதே முறை.

1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் இப்போதிருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி விற்றவர் எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். எங்களுக்கு அது அரியலூர். கொடுத்த விலை பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் என்றால் கட்டணம் நானூறு ரூபாய். வழக்குக்குரிய காரணம் தோன்றியதிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். சோதிக்காமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அவ்வளவு தூரம் போகுமுன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

கடிதம் எழுதுவது தமிழ் படித்தவரின் பொறுப்பாயிற்று. முதல் வரைவு நான்கு பக்கம். அதில் சினம், அங்கதம், சோழ நாட்டின் பெருமை எல்லாம் இருந்தன. இயற்பியல் படித்தவர் சிவப்பு மையால் அடைமொழிகளை ஒவ்வொன்றாக அடித்தார். எஞ்சியது ஒரு பக்கம். சென்ற தேதிகள், அன்றைய ஓட்டமானி எண், அங்கே சொல்லப்பட்டவை, வலமும் இடமும் கசிந்த வரிசை, பள்ளத்தில் இறங்கியது இடம் என்ற ஒப்புதல். இறுதியில் மூன்று கோரிக்கைகள்: மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்; கழற்றுமுன் சக்கர நேர்மையை அளந்து தாள் தரவேண்டும்; கழற்றிய உறுப்புகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலப்படுத்தி, சேவை மையத்துக்கும் நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் பதிவஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம்.

*

பத்து நாளில் மேலாளர் ஒருவர் பேசினார். இனிமையான குரல். சக்கர நேர்மை சரியாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். பாதிச் செலவை நிறுவனம் ஏற்கும் என்றார். நாங்கள் இசையவில்லை. அடுத்த வாரம் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் தொடர்ந்தார்: "ஆனா வாரன்டில இல்ல சார். நல்லெண்ண அடிப்படையில செய்யுறோம். அப்படின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்குடுங்க."

எங்களுக்குள் முதன்முறையாகக் கருத்து வேறுபட்டது அன்றுதான். உறுப்பு புதிது, செலவு இல்லை, அம்மா மீண்டும் காரில் வரலாம். ஒரு சொல்லுக்காக இன்னும் எத்தனை வாரம்? எங்களில் ஒருவர் இப்படிக் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வண்டியை எடுத்துவருகிறவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம்.

மற்றவர் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார். சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகள். தொண்ணூறு என்று குறிக்கும் கல்வெட்டுகளும் உண்டு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று குறிப்பிடுகிறது. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? ஆடு செத்தாலும் கிழடானாலும் பெற்றவர் அதை ஈடுசெய்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்பதே பொருள். மந்தை பெருகுவதால் அது இயலும். பெருகிய பயனும் அவருக்கே. இதைவிடத் தெளிவான உத்தரவாதத்தை நாங்கள் படித்ததில்லை. இந்த ஆண்டு மேய்ச்சல் சரியில்லை, ஆகவே நெய் அளக்கமுடியாது என்பதற்கு அதில் இடமில்லை. அளந்த நெய்யை நல்லெண்ணத்தால் தந்ததாகவும் சொல்லமுடியாது. ஏனெனில் அது கல்லில் இருக்கிறது.

நல்லெண்ணம் என்று ஒப்பமிட்டால் கோப்பில் இருக்கப்போவது 'சாலையால் வந்த பழுது, வாடிக்கையாளர் வேண்டியதால் சலுகை' என்பதே. அடுத்தமுறை இதே உறுப்பு தோற்றால் சலுகை மறுக்கப்படலாம். அது சலுகையின் இயல்பு. அதைவிட, உடையார்பாளையத்திலிருந்தோ செந்துறையிலிருந்தோ இதே கசிவோடு போகிறவரிடமும் "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் கையெழுத்து அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

அம்மாவிடம் இதைச் சொன்னோம். அவர் தம் தந்தையின் வில்வண்டிக் கதையைத் தொடர்ந்தார். வில் முறிந்ததும் செய்துகொடுத்த கொல்லரே மறுநாள் வந்து உலையில் காய்ச்சித் தட்டிக் கொடுத்தாராம். காசு வாங்கவில்லையாம். "என் கை செஞ்சது" என்றாராம். அக்காலத்து மனிதர் என்று நாங்கள் நெகிழ்ந்தபோது அம்மா நிறுத்தினார். "காசு எப்படிக் கேப்பாரு? அறுப்புக்கு அறுப்புக் களத்துல குடுக்குற நெல்லுதான் அவருக்கு. வேண்டாம்னு சொன்னா அது நின்னு போகும். அவருக்கு வேற வழி இருந்துச்சா?"

எங்கள் நெகிழ்ச்சி அங்கேயே அறுந்தது. அன்று வில்லைச் சரிசெய்தது அன்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மறுக்கமுடியாத இடத்தில் நின்றவரின் அன்பை நாம் எதை வைத்து அளப்பது? இல்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அந்த மேலாளருக்கோ எப்போது வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லும் வழி வேண்டியிருந்தது. இருவருக்கும் நடுவே எழுதப்பட்ட கடமை என்று ஒன்று இருக்கிறது. செய்பவர் அதில் குனியவேண்டியதில்லை, பெறுபவரும் குனியவேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் கருத்து வேறுபாடு தீர்ந்தது.

கையெழுத்திட மறுத்து மீண்டும் ஒரு பக்கம் எழுதினோம். 1915இலும் பதிந்தோம். அரியலூர் ஆணையத்துக்கான முறையீட்டை எழுதிமுடித்து அதன் நகலையும் இணைத்தோம். தை மாதம் இரண்டாம் வாரம் அழைப்பு வந்தது. இம்முறை விளக்கம் எதுவும் இல்லை. "வண்டியைக் கொண்டாங்க சார்" என்று மட்டும் சொன்னார்கள். முன்பக்க உருளைகள் இரண்டும் மாற்றப்பட்டன. வேலைத்தாளில் 'வாரன்டி' என்று அச்சாகியிருந்தது. தொகைக்குரிய கட்டத்தில் சுழி. அந்த இடத்தை இருமுறை படித்துப் பார்த்தோம். சேவை ஆலோசகர் சாவியைத் தரும்போது, "பாத்து ஓட்டுங்க சார், உங்க ஊர் ரோடு..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இதை வெற்றி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கடிதம் எழுதத் தெரிந்த இருவருக்கு, விடுப்பு எடுக்க முடிந்த இருவருக்கு நான்கு மாதம் பிடித்தது. பருத்தி ஏற்றும் சிறுவண்டியைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறவர் தம் வண்டி நின்ற நாளின் கூலியை யாரிடம் கேட்பார்? அவரிடமும் ஒரு கையேடு இருக்கிறது, அதே எறும்பு எழுத்தில். எங்கள் மாணவர் பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இந்தப் பருவத்தில் கடிதம் எழுதும் பயிற்சிக்கு, வழக்கமான சுற்றுலா அனுமதி விண்ணப்பத்துக்குப் பதிலாக, உத்தரவாதம் மறுக்கப்பட்டவர் எழுதும் கடிதத்தைக் கொடுத்தோம். அடைமொழி கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

கடந்த மாதம் அம்மாவோடு திருச்சிக்குப் போனோம். உடையார்பாளையம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. மூவரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம். ஓசை இல்லை.

"இப்ப வில்லு நல்லாருக்கு" என்றார் அம்மா.